சபைக்கு முன் நிற்க வேண்டியவள்

"ரெண்டே நிமிஷம்தான், ரெனி," என்றான் கார்னெல். "எழுந்து முன்னாடி போற. மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ற. திரும்பி வந்து உக்காந்துக்கற. அதோட அந்தப் பழைய கதை முடிஞ்சுது."

ரெனிட்டாவின் கையில் இருந்த சீப்பு பாதி வகிட்டில் நின்றுவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே தரையில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்த அமாரி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி அப்பாவைப் பார்த்தாள். கார்னெலின் மகள் அவள், எட்டு வயது. சனிக்கிழமைதோறும் அவளுக்குத் தலை பின்னிவிடுவது ரெனிட்டாதான். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தது.

"அமாரி, கண்ணு, நீ உள்ள ஜனாயா அக்கா ரூமுக்குப் போ. மீதியை அப்புறம் பின்னலாம்."

"பாதித் தலையோடயா, மிஸ் ரெனிட்டா?"

"பாதித் தலையோட போனா ஒண்ணும் குடி முழுகிடாது. போம்மா."

பிள்ளை போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரெனிட்டா சீப்பை மேசைமேல் வைத்தாள்.

"யாரு சொன்னது?"

"பாஸ்டர். நம்ம கல்யாணத்துக்குத் தேதி கேக்கப் போயிருந்தேன். ஜூன் மாசம் கொடுக்கறேன்னாரு. அதுக்கு முன்னாடி சிஸ்டர் ரெனிட்டா சபைக்கு முன்னால வந்து நிக்கணும்னாரு. டீக்கன் ஆகி சபைக் காரியம் பாக்கப்போறவனோட மனைவி பேர்ல ஒரு கறையும் இருக்கக் கூடாதாம்."

"எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"உனக்குத் தெரியாததா?"

"உன் வாயால கேக்கணும்."

கார்னெல் கழுத்தைத் தடவிக்கொண்டான். "கல்யாணம் ஆகாம ஜனாயா பிறந்தா இல்ல, அதுக்கு."

"உனக்கும்தான் கல்யாணம் ஆகாம அமாரி பிறந்தா. நீ எப்ப நின்ன?"

"என்னை யாரும் கேக்கலையே, ரெனி."

அவன் சொன்னது பொய்யில்லை. இதில் மிகக் கேவலமான பகுதியே அதுதான்.

எங்கள் சபையில் இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால், மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பரிமாறுவதற்கு முன், அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பின்னால் ஆர்கன் மெதுவாக அழும். வெள்ளை உடுப்புப் போட்ட தாய்மார், அதாவது சபையின் மூத்த பெண்கள், விசிறிக்கொண்டே அவள் வயிற்றை அளப்பார்கள். முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து அவளுக்கு வலது கையைக் கொடுத்து, போனால் போகிறது என்று திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் நின்றதை இந்தச் சபையில் எவரும் பார்த்ததில்லை. பிள்ளை என்பது ஏதோ பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து சுட்டெடுக்கிற ரொட்டி என்று நினைப்பு. இத்தனைக்கும் கறுப்பு மக்களுக்கு நீதி கேட்டு ஊர்வலம் போய் போலீஸ் நாய்க்கடியும் தடியடியும் பட்டவர்களின் படங்களை வாசல் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிற சபை இது. மேடையில் ஏறினால் பாஸ்டர் டில்மன் நியாயத்தைப் பற்றி வேட்டி கிழிகிற மாதிரிப் பேசுவார் என்று சொல்லலாம். அவர் போடுவது அங்கி, அதுதான் வித்தியாசம்.

பதினான்கு வருடங்களுக்கு முன், பத்தொன்பது வயதில், ரெனிட்டாவையும் நிற்கச் சொன்னார்கள். அவள் அப்போது பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவள், கார்னெலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப அந்த வாசற்படி ஏறினாள். ஆகவே கணக்கு இன்னும் தீரவில்லை என்பது பாஸ்டரின் கட்சி.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ரெனிட்டா. "நான் அங்க நிக்கறப்ப ஆர்கன் யாரு வாசிப்பா?"

கார்னெல் அடுப்பைப் போய் அணைத்தான்.

"லியாண்டர்தானே?"

"அவன்தானே எப்பவும் வாசிக்கறது."

"நல்லா இருக்கு. பிள்ளையைக் கொடுத்தவன் உக்காந்து சோகமா வாசிப்பான், அந்தப் பாட்டுக்கு நான் நின்னு அழணும். அப்புறம் வரிசையா வந்து கை கொடுப்பாங்களே, அதுல அவனும் வருவானா? அவன் கையையும் பிடிச்சு தேங்க்ஸ் சொல்லணுமா?"

லியாண்டர் பாஸ்டரின் அக்காள் மகன். ரெனிட்டாவுக்கு வயிற்றில் பிள்ளை இருந்தபோது அவனுக்கு வேறொரு பெண்ணோடு நிச்சயம் ஆகியிருந்தது. அதே சபையில், பூக்களும் வெள்ளைக் கம்பளமுமாக, அந்தக் கல்யாணமும் நடந்தது. இன்றைக்கு அவனுக்கு மூன்று பிள்ளைகள், பாடகர் குழுவுக்குத் தலைவன், ஆர்கன் பெஞ்சில் பளபளக்கும் சட்டை. ஜனாயாவின் நெற்றி அப்படியே அவன் நெற்றி. சபையில் அவளைப் பார்க்கிறவர்கள் அடுத்தபடி ஆர்கன் பக்கம் பார்ப்பார்கள், அதற்கடுத்தபடி தரையைப் பார்ப்பார்கள். தெரியாதவர் யாருமில்லை, சொன்னவரும் யாருமில்லை. கார்னெலிடம் மட்டும் ரெனிட்டா தன் வாயால் சொல்லியிருந்தாள். வேறு எந்த ஆணிடமும் சொன்னதில்லை.

"நான் டீக்கன் ஆகணும்னு மட்டும் இதைக் கேக்கல," என்றான் கார்னெல். குரல் இறங்கியிருந்தது. "அமாரியோட அம்மா விட்டுட்டுப் போனப்புறம் கைப்பிள்ளையோட இந்த மேக்கன் ஊருக்கு வந்தேன். எனக்கு இங்க நாய் பூனைகூடத் தெரியாது. ஸ்கூல் பஸ் ஓட்டற வேலை வாங்கிக் கொடுத்தது அந்த டீக்கன்மாருங்க. எனக்கு ஜுரம் வந்தப்ப பிள்ளையைப் பாத்துக்கிட்டது அந்தத் தாய்மாருங்க. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு இடம்தான் ரெனி. அங்க நீயும் என் பக்கத்துல உக்காரணும்னு ஆசைப்படறேன். தப்பா?"

தப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் அவளிடம் நல்லவனாகத்தான் நடந்துகொண்டிருந்தான்.

பள்ளிக்கூட வாசலில் அமாரியின் தலையைப் பார்த்துத்தான் இந்த உறவே ஆரம்பித்தது. கோணல் வகிடும், ஒன்று மேலே ஒன்று கீழே தொங்குகிற இரண்டு பின்னலுமாகப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். "யாருப்பா உன் தலையில சண்டை போட்டது?" என்று ரெனிட்டா கேட்க, பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் இருந்து, "நான்தான்" என்று ஒரு குரல் வெட்கப்பட்டது. அந்தச் சனிக்கிழமையே பிள்ளையை அழைத்து வரச் சொன்னாள். ஆனால் அவனை உள்ளே விடவில்லை. ஜனாயா இருக்கிற வீட்டுக்குள் ஒரு ஆண் சும்மா வந்து போகக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். தலை பின்னி முடியும்வரை கார்னெல் வெளிப்படியில் உட்கார்ந்திருப்பான். சோளரொட்டியும் கோழிக்கறியும் தட்டில் போட்டுக் கதவுக்கு வெளியே நீட்டுவாள். குளிர்காலம் முழுக்க, காது விறைத்து மூக்கு ஒழுக, அவன் அந்தப் படியிலேயே சாப்பிட்டான். ஒரு தடவைகூட உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை. கடைசியில், "மா, அந்த ஆளு செத்துகித்துத் தொலையப்போறாரு, உள்ள கூப்பிடு" என்று ஜனாயாதான் கதவைத் திறந்தாள். அப்படிப் பொறுத்திருந்தவனை நம்பலாம் என்று ரெனிட்டா நம்பினாள். அவளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. நம்பிய பிறகு அது ரொம்பச் சுகமாக இருந்தது.

அதனால்தான் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சரி, நிக்கறேன்," என்றாள். "ஆனா தனியா நிக்க மாட்டேன். நீயும் வந்து நிக்கணும். உன் கதையை நீயும் உன் வாயால சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே காரியம் பண்ணினவங்க. ஒண்ணா நின்னா வெக்கமில்ல. உனக்காக நான் அந்த லியாண்டர் மூஞ்சியைக்கூடப் பாத்துக்கறேன்."

கார்னெல் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்தத் தயக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவள் கையைப் பிடித்தான். "நிக்கறேன். சத்தியமா நிக்கறேன்."

அந்த வாரத்தில் ஒருநாள் மாலை, ரெனிட்டா டயாலிசிஸ் நிலையத்து வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள், பாஸ்டரம்மாவும் ஓசெல்லா தாயாரும் கையில் பீச்சுப் பழ இனிப்போடு வந்து இறங்கினார்கள். ஓசெல்லா தாயார் சபையின் தாய்மார் குழுவுக்குத் தலைவி. பிறர் வீட்டுச் சோபாவில் எது உட்காரத் தகுந்த இடம் என்று பார்த்து உட்காருகிற ஆள்.

"பயப்படாத பிள்ளை," என்றார் பாஸ்டரம்மா. "இது உனக்கு நல்லதுக்குத்தான். பாரம் இறங்கிடும்."

"எனக்குப் பாரம் ஒண்ணும் இல்லையேம்மா."

"அதை அங்க வந்து சொல்லித் தொலைக்காத," என்றார் ஓசெல்லா தாயார். "சாம்பல் கலர்ல, இல்லாட்டி கருநீலத்துல ஏதாவது உடுத்திக்க. முழங்காலுக்குக் கீழ வரணும். கம்மல் வேண்டாம். உதட்டுக்கு ஒண்ணும் பூசாத. நாங்க பாத்து ரசிக்கறதுக்கா அங்க வந்து நிக்கற?"

"கொஞ்சம் அழுதா நல்லா இருக்கும்," என்றார் பாஸ்டரம்மா, இனிப்பை வெட்டிக்கொண்டே. "சபை இளகும். கல்லு மாதிரி நின்னேன்னா திமிருன்னுடுவாங்க."

"அழுகை வரலைன்னா?"

"வரும். ஆர்கன் சத்தம் கேட்டா வராமப் போகுமா? எல்லாப் பிள்ளைங்களுக்கும் வந்திருக்கு."

அந்த ஆர்கனை எவன் வாசிப்பான் என்று தெரிந்துகொண்டே, வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு, ஒரு பொம்பளையால் இதைச் சொல்லவும் முடிகிறதே.

"இன்னொண்ணு," என்று ஓசெல்லா தாயார் குரலைத் தாழ்த்தினார். "பேரு எதையும் எடுக்கக் கூடாது. நம்ம சபையில அந்த வழக்கம் கிடையாது. நல்லபடியா வாழற இன்னொருத்தர் குடும்பத்துல கல்லைப் போடக் கூடாது."

"யாரு பேரைத் தாயாரே? உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மெனக்கெட்டார்கள். "எனக்கென்ன தெரியும்?" என்றார் ஓசெல்லா தாயார். "பொதுவாச் சொன்னேன்." அப்புறம், பேச்சை மாற்றுகிற அவசரத்தில், "கார்னெல் மாதிரி ஆம்பளை கிடைக்கறது லேசு இல்ல. தனி ஆளா ஒரு பொட்டைப் பிள்ளையை வளக்கறான். அந்த மனுஷனைப் பாக்கறப்பல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்," என்றார்.

"நானும் தனி ஆளாத்தான் வளத்தேன்," என்றாள் ரெனிட்டா.

"நீ தாயாச்சே. அது உன் கடமை," என்றார் தாயார், இதிலே பேச என்ன இருக்கிறது என்பது போல.

அவர்கள் போன பிறகு ஜனாயா அறையிலிருந்து வெளியே வந்தாள். பதின்மூன்று வயதுக்கு உயரமான பெண். மேசையில் இருந்த இனிப்பைப் பார்த்தாள், தொடவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அந்த வீட்டுச் சுவர் அட்டை மாதிரி.

"மா, ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு சாரி சொல்லப் போற?"

"அது ஒரு வழக்கம்டி. சும்மா."

"என்னைப் பெத்ததுக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு? வேற என்ன பண்ணின நீ?"

ரெனிட்டா மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். பெண் மரம் மாதிரி நின்றாள்.

"நான் ரெண்டாவது வரிசையிலதானே உக்காந்திருப்பேன்," என்றாள் ஜனாயா. "எல்லாரும் என்னைப் பாப்பாங்க. ஆர்கன்ல இருக்கறவரும் பாப்பாரு. நான் எங்க பாக்கறது?"

"என்னைப் பாரு," என்றாள் ரெனிட்டா. "கார்னெலும் என் பக்கத்துல நிப்பாரு. அவரும் சொல்லப்போறாரு. எங்க ரெண்டு பேரையும் பாரு."

"நிப்பாரா?"

"நிப்பாரு. வாக்குக் கொடுத்திருக்காரு."

முதல் ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்திருந்தது. இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்தால், ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்துவிடுவார்கள். தாய்மார் முன்வரிசையில் தலையோடு கால் வெள்ளையில் இருந்தார்கள். மறுபக்கம் டீக்கன்மார் பெஞ்சு. அதற்கு நேர் பின்வரிசையில் ஜனாயாவும் அமாரியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரெனிட்டா சாம்பல் நிற உடுப்பில் வந்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை, உதட்டில் ஒன்றும் இல்லை. அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். அதில் சந்தேகம் வேண்டாம். சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டு, கார்னெலுக்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பாஸ்டர் டில்மன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "நம்ம சிஸ்டர் ஒருத்தங்க இன்னிக்கு சபைக்கு முன்னால வந்து நிக்க ஆசைப்படறாங்க."

ஆசையாம். ரெனிட்டா எழுந்து போய் நின்றாள். லியாண்டர் குனிந்த தலை நிமிராமல் வாசிக்க ஆரம்பித்தான்.

கார்னெல் தன் இடத்திலிருந்து எழுந்தான். கூடத்தில் சலசலப்பு. அவன் நடந்து வந்து ரெனிட்டாவின் பக்கத்தில் நின்றான். ரெனிட்டா பெருமூச்சு விட்டாள். மகளைப் பார்த்தாள், ஜனாயாவின் முகம் முதல் தடவையாகத் தளர்ந்திருந்தது.

"பாஸ்டர், நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான் கார்னெல். ஒலிவாங்கி அவன் கைக்குப் போனது. "எனக்கும் கல்யாணம் ஆகாமத்தான் பிள்ளை பிறந்துச்சு. அந்தத் தப்பை நான் ஒத்துக்கறேன். சபை என்னை மன்னிக்கணும்."

"ஆமென்!" என்று டீக்கன்மார் பெஞ்சிலிருந்து ஒரு கட்டைக் குரல் எழுந்தது. "சொல்லு தம்பி!" என்றது இன்னொன்று.

அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். பேசி வைத்திருந்தது அவ்வளவுதான். ஆனால் ஆமென் என்பது லேசில் விடுகிற போதை இல்லை.

"அவ அம்மா எங்களை விட்டுட்டுப் போனா. கையில பச்சைப் பிள்ளை," என்றான். குரல் ஏறியது.

"சொல்லு, சொல்லு!"

"பால் காய்ச்சினது நான்! ஜுரம் வந்தா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான்! இந்தக் கையால அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்!"

தாய்மார் வரிசையில் ஒரு விம்மல் கிளம்பியது. ஓசெல்லா தாயார் இரண்டு கையையும் மேலே தூக்கினார். லியாண்டர் அழுகைப் பாட்டை விட்டுவிட்டு, அவன் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆர்கனை உயர்த்திக்கொடுத்தான். எந்தக் கை தலை பின்னிவிட்டது என்று தெரிந்தவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கார்னெல் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஆனா நான் ஓடிப்போகல! என் பிள்ளையை விட்டுட்டு நான் ஓடல!" என்று அவன் முடித்தபோது கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பெஞ்சுகள் அதிர்ந்தன. பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு ஆம்பளையைத்தான் இந்தச் சபை தேடிக்கிட்டு இருந்தது! எதுக்கு இன்னும் காத்திருக்கணும்? என்ன சொல்றீங்க சபையாரே?"

டீக்கன்மார் நகர்ந்து இடம் விட்டார்கள். பாஸ்டர் அவன் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தார். கார்னெல் உட்கார்ந்தான். நின்றிருந்த இடத்தில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அவனுக்கு நினைப்பே வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்ட, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நம்ம சிஸ்டர்," என்றார் பாஸ்டர். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒலிவாங்கி ரெனிட்டாவின் கைக்கு வந்தது. லியாண்டர் மறுபடி அழுகைப் பாட்டுக்கு இறங்கினான். தாய்மார் விசிறிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நொடியில் அத்தனை முகங்களும் மாறிப்போனதை அவள் பார்த்தாள். இத்தனை நாள் விழுங்கி வைத்ததெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"பிரதர் கார்னெல் சொன்னதைக் கேட்டீங்க," என்றாள். "நான் சொல்ல வேண்டியதும் அதேதான். எனக்கும் கல்யாணம் ஆகாம பிள்ளை பிறந்துச்சு. அவ தகப்பன் எங்களை விட்டுட்டுப் போனான். ரொம்ப தூரம் ஒண்ணும் போகல."

ஆர்கனில் ஒரு கட்டை தப்பாக விழுந்தது. பாஸ்டர் கையை உயர்த்தப் போனார்.

"பால் காய்ச்சினது நான். ஜுரத்துல தூக்கிக்கிட்டு நடந்தது நான். தலை பின்னிவிட்டது நான். ரெண்டு பிள்ளைங்களுக்கு. நானும் ஓடிப்போகல." அவள் ஒலிவாங்கியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவருக்குத் தட்டினீங்க இல்ல? எனக்கும் தட்டுங்க."

யாரும் தட்டவில்லை. விசிறிகள்கூட நின்றுவிட்டன. ஓசெல்லா தாயாரின் வாய் திறந்தபடி இருந்தது. சபையில் இருந்த பெண்களில் முன்பொரு நாள் அங்கே நின்று அழுதவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களும் மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ரெனிட்டா காத்திருந்தாள்.

அப்போது ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. அமாரி. டீக்கன்மார் பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து நின்று, பின்னலில் பாசிமணிகள் குலுங்க, சிரித்துக்கொண்டே தட்டினாள். அப்பாவுக்குத் தட்டினது போலவே, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

கார்னெல் பெஞ்சிலிருந்து திரும்பினான். அந்த இரண்டு சின்னக் கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்து அழுத்தினான். "ஷ்ஷ்," என்றான். "உக்காரு."

பிள்ளை உட்கார்ந்தாள்.

ரெனிட்டா ஒலிவாங்கியை அப்பம் வைத்திருந்த மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தாள். ஜனாயா யாரும் கூப்பிடாமலே எழுந்து, நடுவழியில் அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். கதவருகே காவல் நின்ற வெள்ளைக் கையுறைப் பெண் வழியை மறிப்பதா திறப்பதா என்று தெரியாமல் விழித்துவிட்டுத் திறந்துவிட்டாள்.

கார்கள் நிற்கும் திடலில், அவள் வண்டியை எடுப்பதற்குள் கார்னெல் ஓடிவந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்ட ரெனி? எல்லாம் நல்லபடியாத்தானே போயிட்டு இருந்துச்சு! நான் வாக்குக் கொடுத்தபடி எழுந்து வந்து நின்னேனா இல்லையா?"

"நின்ன," என்றாள் ரெனிட்டா.

"அப்புறம் என்ன?"

"அந்தப் பிள்ளை எனக்காகத் தட்டினா. ஏன் அவ கையைப் பிடிச்ச?"

கார்னெல் வாயைத் திறந்தான். "எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க..."

"அவளுக்கு எட்டு வயசு. யாருக்குத் தட்டணும், யாருக்குத் தட்டக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாம இருந்துச்சு. இன்னிக்கு நீ கத்துக்கொடுத்துட்ட." அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு அவ பெரியவளாகி, ஏதோ ஒண்ணு ஆகி, அவளையும் அங்க கொண்டுபோய் நிறுத்துவாங்க கார்னெல். அப்ப அந்த பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கப் போறது நீதான்."

"அப்படியெல்லாம் நான் விட்டுடுவேனா?"

"ஜூன் மாசத் தேதியை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லு பாஸ்டர்கிட்ட," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

கார்னெல் அங்கேயே நின்றான். அவன் முகத்தில் இருந்த வருத்தம் பொய்யில்லை. வண்டிக்குப் பின்னால் இரண்டடி நடக்கவும் செய்தான். அப்போது சபைக் கதவைத் திறந்துகொண்டு யாரோ, "டீக்கன்! டீக்கன்! உங்களுக்காக எல்லாரும் காத்திருக்காங்க!" என்று கூப்பிட்டார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.